வேலையில் சேரும் தேதி

ஜூன் 3, செவ்வாய்

இன்று சண்டை போடத்தான் காந்திபுரம் கன்சல்டன்சிக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலை என்று ஏப்ரலில் பதிவுக் கட்டணம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று ஒன்பது வாரம். பம்ப் ஷோரூமை மூடியதிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். பதினோரு வருடம் அங்கே போன் எடுத்தவள். இவர்களிடம் ஒரு போன்கூட எடுக்க ஆளில்லை.

மாடிப்படி ஏறும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கன்சல்டன்சி நடத்தும் கிஷோருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் பேசி முடிக்கும்வரை கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமே படவில்லை.

"அக்கா, நீங்க கோவமாப் பேசும்போதே இவ்வளவு அழகாப் பேசுறீங்களே. இந்தக் குரலை வெச்சுக்கிட்டு எதுக்கு ஆஸ்பத்திரில போய் உக்காரணும்? இங்கயே வந்துருங்களேன்" என்றார்.

என் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனவள், வேலையோடு வந்திருக்கிறேன். பணத்தைப் பற்றிப் பேச மறந்துவிட்டது. மாதச் சம்பளம் ஷோரூமில் வாங்கியதைவிட அதிகம்.

ஜூன் 4, புதன்

வீட்டுக்காரர் சம்பத்திடம் சொன்னேன். பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கம்பெனியில் பிரஸ் மெஷினில் வலது கை விரல்கள் மூன்று போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதுதான் இடது கையில் கத்தி பிடிக்கப் பழகியிருக்கிறார். துண்டுகள் சிறிதும் பெரிதுமாக விழுகின்றன. நான் எதுவும் சொல்வதில்லை.

"என்ன கம்பெனி?"

"வேலை வாங்கித் தர்ற கம்பெனிங்க. ஹெச்.ஆர். பிரிவு."

"நமக்கே வாங்கித் தரலையே?"

"அதான் இப்பக் குடுத்துட்டாங்கல்ல" என்றேன். சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆயிற்று.

ஜூன் 6, வெள்ளி

வேலையில் சேர்வதற்கான வேலைகள். சம்பளக் கணக்கு என்று என் பெயரில் வங்கியில் புதுக் கணக்கு தொடங்கினார்கள். என் ஆதாரில் மூன்று சிம் வாங்கினார்கள், அலுவலக போன்களுக்காம். ஏ.டி.எம். அட்டையை கிஷோரே வைத்துக்கொண்டார். "ஆடிட்டிங்ல ஒட்டுமொத்தமா ஆக்டிவேட் பண்ணித் தருவாங்கக்கா, அதுவரைக்கும் சம்பளம் கையில குடுத்துடறேன்" என்றார். பெரிய கம்பெனிகளில் இப்படித்தான் போலிருக்கிறது. ஷோரூமில் கவரில் போட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

முதல் நாள். என்னையும் சேர்த்து நான்கு பேர் போன் பேசுகிறோம். பக்கத்து நாற்காலி பிரின்சி, இருபத்திரண்டு வயது. எல்லோருக்கும் வேறு பெயர். சாரதாமணி என்ற பெயர் பழையதாக இருக்கிறதாம். நான் நிவேதா. வாடிக்கையாளர்கள் தொந்தரவு செய்யாமல் இருக்க இப்படி வைத்துக்கொள்வது வழக்கம் என்று பிரின்சி சொன்னாள்.

பேச வேண்டியதைத் தட்டச்சு செய்து தருகிறார்கள். 'உங்கள் விண்ணப்பம் தேர்வாகியிருக்கிறது.' 'சான்றிதழ் சரிபார்ப்புக்கு மட்டும் ஒரு தொகை. முதல் மாதச் சம்பளத்தோடு திரும்ப வந்துவிடும்.' பிறகு மருத்துவப் பரிசோதனை, பிறகு சீருடை. சேரும் தேதி கேட்டால், 'மேலிடத்தில் இருந்து மெயில் வரும்.'

எனக்கு மேலிடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. முதல் நாளே கேட்டால் நன்றாக இருக்காது.

ஜூன் 12, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது. ஒன்பது நாள் கழித்து. எல்லாக் குடத்தையும் சம்பத்தே பிடித்து வைத்திருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

இன்று பேசியவர்களில் ஒருவர் பொன்னுரங்கம், மூலனூர் பக்கம். ஐம்பத்திரண்டு வயது. ஸ்பின்னிங் மில்லில் இருபத்தைந்து வருடம். மில் நின்றதும் கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளிப் போடுகிறார். மகனுடைய போனில் விளம்பரம் பார்த்து விமான நிலைய வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். டிராலி மேற்பார்வையாளர்.

"நெசமாலுமே செலெக்ட் ஆயிட்டனுங்களா அம்மிணி?"

"ஆமாங்கண்ணா, லிஸ்ட்ல உங்க பேரு இருக்குதுங்க."

"எனக்கு வயசாயிருச்சுங்களே, பரவால்லீங்களா?"

"அனுபவசாலிங்கதான் வேணும்னு கேட்டிருக்காங்க" என்றேன். இது தாளில் இல்லை. நானாகச் சொன்னது. "இத்தன வருசத்துல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லைங்க" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் இன்னும் தயங்குவது குரலில் தெரிந்தது. சட்டென்று, "உங்க ஷூ அளவு எத்தனைங்கண்ணா? யூனிஃபார்முக்கு எழுதணும்" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டம்மாவைக் கூப்பிட்டு, செருப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி, "ஒம்பதுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கிஷோர் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். "அக்கா, ஷூ அளவு! எப்படிக்கா தோணுச்சு?" மாலைக்குள் எல்லோருடைய தாளிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

ஜூன் 30, திங்கள்

முதல் சம்பளம். கையில்தான் கொடுத்தார். சம்பத்துக்கு ஒரு சட்டை எடுத்தேன், பட்டனுக்குப் பதில் அழுத்தினால் ஒட்டுகிற மாதிரி. ஒரு கையால் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். இரண்டு முறை கழற்றி, இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

ஜூலை 4, வெள்ளி

மதியம் ஒரு பெண் வந்து அழுதாள். நகையை அடகு வைத்துக் கட்டினாளாம், கப்பல் கம்பெனியில் தட்டச்சு வேலைக்கு. கிஷோர் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துப் பேசி அனுப்பினார்.

"அந்தம்மா மெடிக்கல்ல ஃபெயிலுக்கா. நாம என்ன பண்ண முடியும்" என்றார் என்னிடம். நான் கேட்காமலே சொன்னார்.

தட்டச்சு வேலைக்கு என்ன மருத்துவப் பரிசோதனை என்று பிரின்சியைக் கேட்டேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கண் பரிசோதனையாக இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

பொன்னுரங்கம் சீருடைக்கும் கட்டிவிட்டார். அடுத்த வாரம் சேரும் தேதி என்று தாளில் இருந்ததைச் சொன்னேன்.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த வாரம் ஆடி பொறந்துருமுங்க. புதுசா ஒரு காரியம் ஆடில ஆரம்பிக்க எங்கூட்டுல ஒத்துக்க மாட்டாங்க. ஆவணி மொதல்ல சேந்துக்கறனுங்களே. அதுக்குள்ள வேற ஆளப் போட்டுருவாங்களா?"

கேட்டுச் சொல்வதாகச் சொல்லி போனைப் பொத்திக்கொண்டு கிஷோரைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தாராளமாக்கா. ஆவணி என்ன, ஐப்பசின்னாலும் குடுங்க."

ஆகஸ்ட் 18, திங்கள், காலை ஒன்பது மணி என்று தேதி கொடுத்தேன். "உங்க குடும்பம் நல்லா இருக்கோணும் அம்மிணி" என்றார். உத்தரவுக் கடிதத்தில் நானே அவர் பெயரை அடித்தேன். பொன்னுரங்கத்துக்கு எந்த 'ர' என்று கேட்டேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 16, புதன்

தலைவலி. போகவில்லை. சம்பத் ரசம் வைத்துக் கொடுத்தார். கிஷோர் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

ஜூலை 19, சனி

என் சொந்த போனிலிருந்து பொன்னுரங்கத்தை அழைத்தேன். அலுவலக போனில் அன்று சரியாகக் கேட்கவில்லை, அதனால்தான்.

"அண்ணா, நிவேதா பேசறனுங்க. தேதி ஒருவேளை தள்ளிப் போனாலும் போகுமுங்க. மேல இருந்து வர்றதுதானே, நம்ம கையில இல்லை. அதுவரைக்கும் பண்ணை வேலையை விட்டுறாதீங்க."

"நேத்தே சொல்லிட்டு வந்துட்டனுங்க அம்மிணி. பண்ணைக்காரரே சந்தோசமா அனுப்பிச்சாரு. ஏர்போர்ட்டுக்குப் போறவன் இனி கோழிக்குத் தீவனம் போடோணுமான்னு கேட்டாருங்க. எடத்துக்கு வேற ஆளும் போட்டாச்சு."

"இன்னும் ஒரு மாசம் இருக்குதுங்களே அண்ணா?"

"ஒரு மாசம் ஒடம்ப நல்லாத் தேத்திக்கறனுங்க. கோழி நாத்தத்தோட ஏர்போர்ட்டுல போயி நிக்க முடியுங்களா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

மற்ற இடங்களில் வேலை இருக்கிறதா என்று போனில் கேட்டுப் பார்த்தேன். ஜவுளிக்கடை ஒன்றில் முப்பது வயதுக்குள் வேண்டுமாம். இன்னொரு இடத்தில் பதிவுக் கட்டணம் கேட்டார்கள். வைத்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

இரண்டாவது சம்பளம். எண்ணி வாங்கிக்கொண்டேன். வீட்டு வாடகைப் பாக்கி தீர்ந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. விடுமுறை. காலையில் தேங்காய்ப்பால் சாதம் செய்துகொண்டிருந்தபோது போன். பொன்னுரங்கம்தான். அன்று என் எண்ணிலிருந்து அழைத்தது தப்பாகப் போயிற்று, சேமித்து வைத்திருக்கிறார்.

"லீவு நாள்ல தொந்தரவு பண்றனுங்க. குடும்பத்தோட தாராபுரம் வந்து ஆத்துல தண்ணி பாத்துட்டு இருக்கறமுங்க. உங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லோணும்னு எங்கூட்டம்மா சொன்னா. இந்தா, பேசு பேசு..."

அந்த அம்மா பேசினார். "ஒரு நாளைக்குக் கண்டிப்பா ஊட்டுக்கு வரோணுமுங்க கண்ணு. நாட்டுக்கோழி அடிச்சு வெக்கறன்." பின்னால் பிள்ளைகள் சத்தம், தண்ணீர்ச் சத்தம். மொத்தத் தெருவுக்கும் தெரியுமாம் விமான நிலைய வேலை.

"யாரு?" என்றார் சம்பத்.

"வேலை கெடைச்சவரு. நன்றி சொல்லக் கூப்பிட்டாரு."

"நல்ல வேலைதான் பாக்கற" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பிரின்சி வேலையை விட்டுப் போய்விட்டாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. போகும்போது என் மேஜையில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, "அக்கா, நீங்களும் சீக்கிரம் கெளம்பிருங்க" என்றாள். அவளுக்குச் சின்ன வயது, எங்கேயும் கிடைக்கும். நான் எங்கே கிளம்ப?

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுதாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

காலை எட்டே முக்காலுக்கு முதல் அழைப்பு. "அம்மிணி, வந்துட்டனுங்க. வாசல்லதான் நிக்கறன். எந்த கேட்டுங்க?"

கிஷோர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "மெயின் கேட்லயே காத்திருங்கண்ணா, ஆள் வருவாங்க" என்றேன்.

ஒன்பதரைக்கு மறுபடி. காவலுக்கு நிற்கிறவர்கள் உள்ளே விடவில்லை. கடிதத்தைக் காட்டியிருக்கிறார். இந்தப் பெயரில் இங்கே எந்த அலுவலகமும் இல்லை, இப்படி வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அவங்களுக்குத் தெரியலீங்க போலருக்குது. நீங்க ஒரு வார்த்த பேசுங்க அம்மிணி. என்ற ஷூ அளவெல்லாம் உங்க புக்குல எழுதியிருக்குதுங்களே. ஒம்பதுன்னு. அதப் பாக்கச் சொல்லுங்க. இந்தாங்க, அவருகிட்டக் குடுக்கறன்..."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல், "ஹலோ, யாரும்மா நீ? எங்கிருந்து பேசற?" என்றது. நான் துண்டித்துவிட்டேன்.

பதினொன்றுக்கு அழைத்தார். இன்று கணினி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்றேன். தாளில் இருப்பதுதான். "செரிங்க, நாளைக்கு வர்றனுங்க. திரும்பி ஊருக்குப் போயி என்னன்னு சொல்றது, இங்கயே பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கறனுங்க" என்றார். கோபமே இல்லை. ஒரு முறையாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிஷோர் என் இரண்டு போன்களையும் வாங்கி, அந்த எண் இனி வராதபடி செய்து திருப்பிக் கொடுத்தார். அலுவலக போன், என்னுடைய போன், இரண்டும்.

நானே கொடுத்தேன் என்று எழுத வேண்டும். என்னுடைய போனை நானேதான் நீட்டினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போன் வரவில்லை. வராது என்று தெரியும். ஒன்பது மணிக்குப் போனைப் பார்த்தேன். பதினொன்றுக்கும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

அலுவலகம் பூட்டியிருக்கிறது. பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், நான்கு ஆணி ஓட்டைதான் மிச்சம். படிக்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கூட்டத்தில் ஒருத்தி மாதிரி நின்று, எல்லோரும் பார்ப்பது மாதிரி பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கிஷோரின் எண் உபயோகத்தில் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வங்கிக்குப் போனேன். அந்தச் சம்பளக் கணக்கை மூடிவிடலாம் என்று. மேனேஜர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் பணம் போட்டிருக்கிறார்கள். வந்த அன்றே எடுக்கப்பட்டிருக்கிறது. என் கணக்கு, என் அட்டை. போன் எண்களும் என் பெயரில். கிஷோர் என்ற பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

"உங்களுக்குத் தெரியாமலாம்மா?" என்றார் மேனேஜர்.

"தெரியாதுங்க சார்" என்றேன். அந்தக் குரல் எனக்கே நம்பும்படி இருந்தது.

செப்டம்பர் 6, சனி

போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். திங்களன்று சைபர் கிரைம் பிரிவுக்கு வர வேண்டும். தெருவில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். சம்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏறக்குறைய எல்லாவற்றையும்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"கடை பூட்டினப்பதான்."

நோட்டீஸை மடித்து மேஜையில் வைத்தார். பிறகு, "ஆடி பதினெட்டு அன்னைக்கு ஒருத்தரு பேசினாரே. அவருக்கு வேலை கெடைச்சுதா?" என்றார்.

நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அவர் நான் எடுத்துக் கொடுத்த அந்தச் சட்டையை மடித்து பீரோவின் மேலே, கைக்கெட்டாத தட்டில் வைத்துவிட்டார். ஸ்டூல் போட்டு ஏறி, இடது கையால் வைத்தார். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். சம்பத் கூட வந்தார். அவரை வெளியில் நிறுத்திவிட்டு என்னை உள்ளே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதிரே புகார் கொடுத்தவர்கள். யாரும் என்னைப் பார்த்ததில்லை. எல்லோரும் என் குரலைக் கேட்டவர்கள்தான்.

என் பக்கத்தில் காலியிடம் இருந்தது. ஒல்லியான ஒருவர், தோளில் துண்டு, காலில் புது கறுப்பு ஷூ, வந்து உட்கார்ந்தார். காகித டம்ளரில் டீ வாங்கி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க அம்மிணி. மொகமெல்லாம் வாடிக் கெடக்குது. நீங்களும் ஏமாந்துட்டீங்களா?"

எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அவருக்கும் தெரிந்துவிடும். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

"கவலப்படாதீங்க. நம்ம மாதிரி எத்தன பேரு பாருங்க. எனக்குப் பேசுன பொண்ணு, நிவேதான்னு, தங்கமான பொண்ணுங்க. அதையும் ஏமாத்திப்புட்டாங்க போல. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சோன்னுதான் எங்கூட்டுல கேட்டுட்டே இருக்கறா. எங்கூட்டம்மா ஒரு வாரமாச் சரியா ஒறங்கறதில்லீங்க."

டீயைக் கையில் எடுத்துக்கொண்டேன். சுட்டது. வைத்துவிடவும் முடியவில்லை.

உள்ளிருந்து எஸ்.ஐ. மேடம் வெளியே வந்தார். "சாரதாமணி யாரு?"

கையைத் தூக்கினேன்.

"வாயத் தொறந்து சொல்லும்மா. சாரதாமணி நீதான? பேங்க் அக்கவுண்ட் உன் பேர்லதான இருக்கு?"

"ஆமாங்க மேடம். நான்தானுங்க."

பக்கத்தில் அவர் அசையவில்லை. மேடம் உள்ளே போய் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திட்டப்போகிறார், அடிக்கப்போகிறார், எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டப்போகிறார் என்று நின்றேன்.

"அம்மிணி" என்றார் மெதுவாக. "அப்ப அந்த வேலை... வேற யாருக்காச்சும் குடுத்துட்டாங்களா?"

"அப்படி ஒரு வேலையே இல்லைங்கண்ணா. எப்பவுமே இல்லைங்க."

"உங்களுக்குத் தெரியுங்களா? என்கிட்டப் பேசறப்பவே?"

மேடம் உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார்.

"தெரியுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டது மாதிரி இரண்டு மூன்று முறை ஆட்டினார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதிர் பெஞ்சில் மற்றவர்களோடு போய் உட்கார்ந்தார். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். எனக்குப் படித்துக் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் எதிரி சாரதாமணி. இரண்டாம் எதிரி, பெயர் முகவரி தெரியாத நபர். எது எப்போது தெரியும் என்று மேடம் கேட்டார். ஷூ அளவு கேட்ட நாள், ஜூன் இருபதாம் தேதி முதல் தெரியும் என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

"வக்கீல் யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லைங்க."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பக்கத்துக்குப் பக்கம் போட்டேன்.